யார்க் கேட்டது

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சரித்திரப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் அவன் கண் தலைவர்கள் மேல் நிற்காது; பின்னால் மூட்டை சுமந்து வருகிறவனைத் தேடிப் போய்விடும். லூயிஸ், கிளார்க் என்ற இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகளின் பிரயாணக் கதையைப் படித்தபோது எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

1803-இல் அமெரிக்கா மிஸிஸிபி நதிக்கு மேற்கே ஒரு பெரிய நிலப்பரப்பைப் பிரான்ஸிடமிருந்து ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியது. அதில் என்ன இருக்கிறதென்று வாங்கியவர்களுக்கே சரியாகத் தெரியாது. அதைக் கடந்து பசிபிக் சமுத்திரம் வரை போய் வரும்படி ஜனாதிபதி ஜெஃபர்ஸன் அனுப்பிய கூட்டம், 1804 மே மாதம் மிஸௌரி ஆற்றில் படகேறியது.

அந்தப் படகுகளில் யார்க்கும் இருந்தான். அவனுக்குச் சம்பளம் கிடையாது. கிளார்க்கின் தகப்பனார் சொத்தோடு சொத்தாக மகனுக்கு வந்து சேர்ந்த நீக்ரோ அடிமை அவன். இருவரும் சிறு வயது முதல் ஒன்றாக வளர்ந்தவர்கள்.

ஊரை விட்டு விலக விலக, யார்க்கின் நிலை மெல்ல மாறியது. துப்பாக்கி எடுத்து வேட்டைக்குப் போனான். சார்ஜண்ட் ஃபிளாய்ட் நோயில் விழுந்தபோது பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தான். அரிக்கரா மக்கள் அவனைப் போல் ஒரு மனிதனைக் கண்டதே இல்லை; சுற்றி நின்று வியந்தார்கள். முன்பு தான் ஒரு காட்டு மிருகமாக இருந்ததாகச் சொல்லி அவர்களிடம் வேடிக்கை காட்டினான். வேடிக்கை அளவு மீறிவிட்டதென்று எஜமானுக்கு மனத்தாங்கல். அதையும் குறித்து வைத்திருக்கிறான் கிளார்க்.

1805 நவம்பர் 24. கொலம்பியா நதி கடலில் சேருமிடம். ஓயாத மழை. குளிர்காலத்தை எந்தக் கரையில் கழிப்பது என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். யார்க்கையும் கேட்டார்கள். கைக்குழந்தையோடு வந்த ஷோஷோனிப் பெண் சகாகவியாவையும் கேட்டார்கள். கிழங்கு நிறையக் கிடைக்கிற இடமாக இருக்கட்டும் என்றாள் அவள். இருவர் அபிப்பிராயமும் ஏட்டில் ஏறியிருக்கிறது.

நாவலாக இருந்தால் அங்கேயே முற்றும் போட்டிருப்பேன். நீங்களும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்பீர்கள்.

1806 செப்டம்பரில் திரும்பி வந்தார்கள். சிப்பாய்களுக்கு இரட்டைச் சம்பளமும் ஆளுக்கு 320 ஏக்கர் நிலமும் கிடைத்தன. யார்க்குக்கு ஒன்றுமில்லை. அவன் மனைவி லூயிவில் பக்கத்தில் வேறொரு எஜமானிடம் இருந்தாள். 1808-இல் கிளார்க் செயின்ட் லூயிஸில் குடியேறியபோது அவனையும் கொண்டுபோனான். மனைவி இருக்கும் பக்கமே தன்னை விற்றுவிட்டாலும் சரி, கூலிக்கு விட்டாலும் சரி என்று யார்க் மன்றாடினான். சில வாரம் போய்வர மட்டும் அனுமதி கிடைத்தது. அடங்காதவனாகிவிட்டான் என்றும், அடிக்க வேண்டியதாயிற்று என்றும் கிளார்க் தன் அண்ணனுக்கு எழுதினான். அந்தக் கடிதங்கள் 1988-இல்தான் கண்டெடுக்கப்பட்டன.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான்: அந்த மழையில் யார்க்கின் அபிப்பிராயத்தை மதித்து எழுதியதும் இதே கைதான். கிளார்க்கை வில்லனாக்கிவிட்டால் எழுத்தாளனுக்கு வேலை சுலபம். ஆனால் அவன் வில்லன் அல்ல. உயிருக்கு உத்தரவாதமில்லாத இடத்தில் அவன் கண்ணுக்கு மனிதனாகத் தெரிந்தவன், கூரைக்கடியில் வந்ததும் மறுபடி சொத்தாகத் தெரிந்தான். அவ்வளவுதான்.

1832-இல் எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கிடம் கிளார்க் மிச்சக் கதையைச் சொன்னான்: யார்க்கை விடுதலை செய்து வண்டியும் குதிரைகளும் கொடுத்ததாகவும், தொழில் நொடித்து, பழைய எஜமானிடமே திரும்பி வரும் வழியில் அவன் காலராவில் இறந்ததாகவும். இது எஜமான் சொன்ன முடிவு. யார்க் சொன்ன முடிவு எங்கும் இல்லை. என் கதையில் ஒரு பாத்திரத்தின் முடிவை, அதனால் நல்ல பெயர் வாங்குகிற இன்னொரு பாத்திரம் வந்து சொன்னால், நீங்கள் லேசில் நம்பமாட்டீர்கள். இங்கேயும் நம்ப அவசரப்பட வேண்டாம்.

2001-இல் ஜனாதிபதி கிளிண்டன் யார்க்குக்குக் கௌரவ சார்ஜண்ட் பட்டம் அளித்தார். மனைவி இருந்த ஊரில் இருக்க அனுமதி கேட்டு அப்போது 190 வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தன.