வாயில்லா உயிரைப் பார்த்துக்கொள்ள யாரை நம்புவது?



வீட்டார் வெளியூர் சென்றிருக்கும் நாள்களில் அவர்களுடைய நாய், பூனைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதைப் பற்றி இன்று எழுத விழைகிறேன். "இதற்குமா நேர்காணல்?" என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், நம் வகுப்பறைக்கும் இல்லத்திற்கும் வேண்டிய பாடம் ஒன்று அதில் அடங்கியுள்ளது.

புக்கிட் பெலிம்பிங்கிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் நம்மவர்கள் ஆடு, மாடு, கோழிகளோடு வாழ்ந்து பழகியவர்கள். உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் செல்பவர், பக்கத்து லயத்து அக்காளிடம் "மாட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறுவார். இருபது ஆண்டுக்கால அண்டை வாழ்க்கையே அங்கே நேர்காணலாக அமைந்தது. தோட்ட மக்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பின், நாள்தோறும் கோலாலம்பூர் சென்று திரும்புவோரும் பெருகினர். அடுத்த வீட்டாரின் பெயர்கூடத் தெரியாத நிலையில், வீட்டுச் சாவியையும் வாயில்லா உயிரையும் முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டியுள்ளது.

என் முன்னாள் மாணவி ஒருவர் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இத்தகைய சிறுதொழில் ஒன்றை நடத்தி வருகிறார். இரண்டு பணியிடங்களுக்கு எழுவர் விண்ணப்பித்திருந்தனர். "ஐயா, ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளை மதிப்பிட்டவர் நீங்கள். கேள்விகளைத் தயாரித்துக் கொடுத்து, நேர்காணலிலும் உடன் அமர வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார். அவருடைய அச்சம் நியாயமானது. 2017இல் நடைமுறைக்கு வந்த 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டுக்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கொடுமை செய்யும் எண்ணமே இல்லாதவராலும் உயிர் போகும். காய்ச்சல் என்று எண்ணிப் பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்தால், ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடக்கூடும்.

விண்ணப்பித்தவர்களுள் ஓர் இளைஞன் என்னிடம் பயின்றவன். படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவன். "வாத்தியாரையா ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்று அவன் தாயார் தொலைபேசியில் வேண்டினார். நான் மாணவியிடம் அவனை எனக்குத் தெரியும் என்பதை முதலிலேயே கூறி, அவனுக்கு மட்டும் நான் புள்ளி இடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பரிந்துரையால் ஒருவனுக்கு வேலை வாங்கித் தந்துவிடலாம். ஆனால், அவனிடம் விடப்படும் உயிருக்கு அந்தப் பரிந்துரை என்ன காவல் செய்யும்?

அனைவரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பது என்று முடிவு செய்தோம். 1998இல் ஷ்மிட், ஹண்டர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர், பணியாளர் தேர்வு குறித்த 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டனர். ஒருவர் எத்தனை ஆண்டு அனுபவம் உடையவர் என்பதைவிட, அந்த வேலையையே செய்யச் சொல்லிப் பார்ப்பதும், வரையறுத்த கேள்விகளைக் கொண்ட நேர்காணலும் அவருடைய திறனை நன்கு காட்டும் என்பது அத்தொகுப்பின் முடிவுகளுள் ஒன்று. ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதன்று. பயிற்சிக் கழகத்தில் எழுத்துத் தேர்வில் எத்துணைச் சிறப்பாகத் தேறினாலும், வகுப்பறையில் நின்று பாடம் நடத்திக் காட்டாமல் நம்மை ஆசிரியராக ஏற்றுக்கொண்டார்களா?

முதற்கேள்வி: "பூனை இரண்டு நாளாக ஒன்றும் உண்ணவில்லை, என்ன செய்வீர்கள்?" சில நாள்கள் உண்ணாத பூனைக்குக் கல்லீரல் பழுதடையும் ஆபத்து உண்டு. ஆகவே, "பசித்தால் தானே தின்னும்" என்பது தவறான விடை. உரிமையாளருக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே தெரிவிப்பதே சரி.

இரண்டாவது: "தீபாவளிக்கு முதல்நாள் இரவு நாயை எங்கே வைப்பீர்கள்?" வெடிச்சத்தத்திற்கு மிரண்டு வெளிக்கதவு வழியாக ஓடிப்போகும் நாய்கள் எத்தனை! உள்ளறையில் விட்டுக் கதவு, சன்னல்களை அடைப்பேன் என்றவர்கள் புள்ளி பெற்றனர்.

மூன்றாவது: "நாயின் படத்தை முகநூலில் போடுவீர்களா?" வீட்டில் ஆளில்லை என்பதை ஊருக்கே அறிவிக்கும் செயல் அது என்று மூவர் மட்டுமே உணர்ந்திருந்தனர்.

நான்காவது கேள்விதான் உரைகல்: "உங்கள் பொறுப்பில் இருந்த உயிருக்கு எப்போதேனும் தீங்கு நேர்ந்ததுண்டா? அதன்பின் என்ன செய்தீர்கள்?"

நால்வர், "அப்படி ஒன்றும் நடந்ததே இல்லை" என்றனர். அவர்களுள் ஒருவர் பட்டயச் சான்றிதழும் நான்காண்டு அனுபவமும் உடையவர். சான்றிதழ் பெறுவது உயர்வானதே, அதில் ஐயமில்லை. ஆனால், நான்காண்டில் ஒரு பிராணிக்கு ஒரு சிறு காயம்கூட நேரவில்லை என்பது நம்பத்தக்கதா?

அந்த இளைஞன் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னான்: "ஒருத்தருடைய ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசி மூட்டையின் வாயைக் கட்டாமல் விட்டுவிட்டேன். ஆடு நிறையத் தின்று, வயிறு உப்பிச் செத்துப் போயிற்று. அன்று சாயங்காலமே அவர் வீட்டிற்குப் போய்ச் சொன்னேன். ஆட்டின் விலையை மாதாமாதம் கொடுத்துத் தீர்த்தேன்." மாணவி அந்த உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து ஒன்றே ஒன்று கேட்டார்: "மீண்டும் அவரிடம் உங்கள் ஆட்டை விடுவீர்களா?" "இப்போதும் என் ஆடுகள் அவனிடந்தானே இருக்கின்றன!" என்று விடை வந்தது.

இவ்விடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டு என் நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் தேரும் விதிகளைக் கூறுகின்றன. நிலமும் சொந்த மனையும் உடைய பிராமணருக்கே இடமளித்த முறை அது. அந்த வரம்பை இன்று நாம் ஏற்க முடியாது. எனினும் அதிலுள்ள ஒரு விதி இன்றைக்கும் பொருந்தும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தகுதி பெறார்; அவருடைய நெருங்கிய உறவினருக்கும் தகுதியில்லை. திருவள்ளுவரும் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்களை இதற்கென்றே அமைத்துள்ளார். ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்பது அவர் கருத்து.

நாய் முறையிடாது, பூனை புகார்க் கடிதம் எழுதாது. நடந்ததை உரிமையாளர் அறிவதற்கு, பார்த்துக்கொண்டவரின் வாய்மொழியைத் தவிர வேறு வழி ஏது? ஆகவே இவ்வேலைக்கு முதல் தகுதி பிராணிகள்மீது அன்பு என்று சொல்வதைவிட, நடந்ததை நடந்தவாறு கணக்குக் காட்டும் துணிவு என்பதே பொருந்தும். அன்புடையவராகக் காட்டிக்கொள்வது எளிது.

இறுதிச் சோதனையாக, ஒரு கிழட்டு நாயுடன் ஒவ்வொருவரையும் அரைமணி நேரம் விட்டோம். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் முன்பு குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அம்மையார் ஒருவர், நாயைத் தொடவேயில்லை. ஓரமாக அமர்ந்து, அதுவாக அருகில் வரும் வரை காத்திருந்தார். பின்னர், "பின்கால் இடப்பக்கம் நோகிறது போலும்" என்றார். அது உண்மையே!

அவ்வம்மையாரும் அந்த இளைஞனும் தேர்வு பெற்றனர். 2025 ஆகஸ்டு முதல் ஐவருக்குக் குறைவானோர் பணிபுரியும் சிறுதொழில்களுக்கும் மாதம் 1,700 வெள்ளி என்னும் குறைந்தபட்ச ஊதியம் பொருந்துகிறது. மாணவி அதற்குக் குறையாமல் கொடுக்கிறார். மலிவாகக் கிடைக்கும் ஆளைத் தேடினால் காவலும் மலிவாகவே இருக்கும் அல்லவா?

அந்த இளைஞன் நாள்தோறும் எழுதும் குறிப்பேட்டை மாணவி எனக்குக் காட்டினார். ஒற்றுப்பிழைகள் மலிந்த தமிழ். சிவப்பு மை கைக்கு வரத் துடித்தது. ஆனால் "தண்ணீர் குடித்தது. சோறு பாதிதான். மாலையில் கயிறு நழுவி வாசல் வரை ஓடிற்று, பிடித்துவிட்டேன்" என்று ஒன்றும் மறைக்காமல் எழுதியிருந்தான். அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

பெற்றோர்களே, ஆசிரியர்களே, எண்ணிப் பாருங்கள். கண்ணாடிக் குவளையை உடைத்ததாகத் தானே வந்து சொல்லும் பிள்ளை அடி வாங்குகிறது. உடைந்த துண்டுகளைக் குப்பையில் ஒளிக்கும் பிள்ளை தப்பித்துக்கொள்கிறது. நாளடைவில் எல்லாப் பிள்ளைகளும் ஒளிக்கக் கற்றுக்கொள்கின்றனர். பின்னொரு நாள் நேர்காணலில் அமர்ந்து "அப்படி ஒன்றும் நடந்ததே இல்லை" என்கின்றனர்.

வகுப்பில் மீன்தொட்டியோ செடித்தொட்டியோ இருந்தால், பொறுப்பேற்கும் மாணவருக்கு ஒரு சிறு குறிப்பேடு கொடுங்கள். 'பார்த்தது', 'செய்தது', 'தவறியது' என மூன்று பகுதிகள் போதும். மூன்றாம் பகுதியை நேர்மையாக நிரப்பும் பிள்ளையை வகுப்பறிய ஒருமுறை பாராட்டுங்கள். தவற்றைத் திருத்தும் வழியைப் பிறகு கற்பிக்கலாம்.