நாலாயிரம் கொத்துக்கு ஒரு கல்

டோக்கியோவில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன், "ஞாயித்துக்கிழமை ஓயா போலாம்டா" என்றான்.

"அதென்னடா பேரு? ஓயாம நடக்கணுமா?"

"ஊர் பேரே அதான். கல்லு வெட்டின சுரங்கம். கல்லை எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்கிற காலி இடத்தைத்தான் பார்க்கப் போறோம்."

காலி இடத்தைப் பார்க்க டிக்கெட்! பி.காம். படித்த மூளை கணக்குப் போட்டது. ஆனால் செலவு அவனுடையது என்பதால் கிளம்பிவிட்டேன்.

உட்சுனோமியா வரை ஷின்கான்சென் ரயில், அப்புறம் அரை மணி பஸ். வெளியே ஆகஸ்ட் வெயில், நம் வேலூர்க்காரர்களே ஒத்துக்கொள்வார்கள். படியில் இறங்க இறங்க உடம்பு சிலிர்த்தது. நான் அரைக்கைச் சட்டை. நண்பன் பையிலிருந்து நிதானமாக ஸ்வெட்டரை எடுத்தான். ஒரே ஒரு ஸ்வெட்டர். பாவி, முன்னாடியே சொல்லக்கூடாதோ?

ஏதோ பள்ளம் என்று நினைத்துப் போனவன் வாயடைத்து நின்றேன். பூமிக்குள்ளே ஒரு கோயில் பிராகாரம்! 20,000 சதுர மீட்டர். சராசரி ஆழம் 30 மீட்டர். கல்லிலேயே விட்டுவைத்த பிரம்மாண்டத் தூண்கள். 1919 முதல் 1986 வரை இங்கே கல் எடுத்தார்கள். இரண்டாம் உலகப்போரின்போது விமானத் தொழிற்சாலையாகக்கூட இருந்ததாம்.

சுவரைத் தொட்டுப் பார்த்தேன். வரிவரியாகக் கொத்தின தடம். மெஷின் வருவதற்கு முன்னால், 90 சென்டிமீட்டர் நீளக் கல் ஒன்றைப் பெயர்க்க 4,000 தடவை கொத்த வேண்டுமாம். எடை 80 கிலோ சொச்சம். அதை முதுகில் சுமந்துகொண்டு மேலே ஏற வேண்டும். திங்கட்கிழமை ஃபைல் ஜாஸ்தி என்று அலுத்துக்கொள்கிற நமக்கு இது தேவைதான்.

இந்தக் கல் வந்த கதை இன்னும் ஜோர். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னால் ஜப்பான் தீவாகவே இல்லை. ஆசியாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பசிபிக் கடலின் அடித்தட்டு அந்த ஓரத்துக்கு அடியில் நழுவி உள்ளே போனது. போன தட்டு பின்வாங்கப் பின்வாங்க, மேலே இருந்த நிலமும் கூடவே இழுபட்டது. பரோட்டா மாஸ்டர் மாவை இழுக்கும்போது நடுவில் மெலிந்து கிழியுமே, அதே கதை. கிழிசலில் கடல் புகுந்தது. அதுதான் ஜப்பான் கடல். எரிமலை வரிசைக்குப் பின்பக்கம் பிறந்த கடல்.

அந்தச் சமயத்தில் ஜப்பானின் தென்மேற்குப் பாதி கடிகார முள் போலவும், வடகிழக்குப் பாதி அதற்கு எதிராகவும் சுழன்று விலகியது. பழைய பாறைகளுக்குள் உறைந்துபோன காந்தத் திசையை வைத்துக் கண்டுபிடித்தார்கள். இதற்கு அவர்கள் வைத்த பேர் 'கன்னோன் பிராக்கி'. கன்னோன், கருணைக்கான போதிசத்துவர். அவர் சன்னிதியின் இரட்டைக் கதவு திறக்கிற மாதிரி என்று அர்த்தம். ஓயாவிலேயே இந்தக் கல்லில் குடைந்த 27 மீட்டர் கன்னோன் சிலை நிற்கிறது. போரில் இறந்தவர்களுக்காக 1954-ல் முடித்தது.

கதவு திறந்த அந்தக் காலத்தில் எரிமலைகள் சும்மா இருக்குமா? சாம்பலும் நுரைக்கல்லும் கடலில் கொட்டி, அடியில் படிந்து, இறுகிக் கல்லாயின. கடல் தண்ணீரில் ஊறி லேசான பச்சை. ஓயா கல்லின் வயது சுமார் ஒன்றரைக் கோடி வருஷம். நடுநடுவே பழுப்பாகத் திட்டு இருக்கும். நுரைக்கல் களிமண்ணாகிப் போன இடம். அதை இவர்கள் 'மிசோ' என்கிறார்கள். மிசோ என்பது சோயா விழுது, நம் வீட்டுப் புளிக்காய்ச்சல் போல. மிசோ குறைந்தால் கல்லுக்கு மவுசு.

ஃபிராங்க் லாயிட் ரைட் டோக்கியோவில் கட்டிய இம்பீரியல் ஹோட்டலுக்கு இந்தக் கல்தான். 1923 செப்டம்பர் 1-ம் தேதி திறப்பு விழா. அன்றைக்கே பார்த்து மகா பூகம்பம். ஊரே நாசமானது, ஹோட்டல் நின்றது!

மேலே வந்து ஒரு கடையில் டீ குடித்தோம். கடைக்காரப் பெரியவரிடம் நண்பன் பேச்சுக் கொடுத்தான். இந்த வட்டாரத்தில் கைவிட்ட சுரங்கங்கள் மட்டும் 200-க்கு மேலே. 1989-ல் ஒன்றின் கூரை இடிந்து, மேலே இருந்த நிலம் அப்படியே உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம் அதிர்வு அளக்கும் கருவிகளைப் புதைத்துக் காது வைத்துக் கேட்கிறார்கள். சில சுரங்கங்களில் தேங்கின தண்ணீர் ஜில்லென்று இருப்பதால், அதை வைத்துக் கோடையிலும் ஸ்ட்ராபெரி விளைவிக்கிறார்கள்.

"பயமா இல்லையான்னு கேளுடா."

கேட்டான். பெரியவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"அப்பா காலத்துல வெட்டினது. யார்கிட்ட போய்க் கோவிச்சுக்கிறதுங்கிறார்."

பஸ் ஸ்டாப் வரைக்கும் காலை மெதுவாகவே வைத்தேன்.

"நீயும் 80 கிலோ சொச்சம்" என்றான் நண்பன், ஸ்வெட்டரைக் கழற்றியபடி. "மெதுவா வச்சா குறைஞ்சிடுமா?"