கடற்கரையில் ஒரு பயிற்றுநர்

2019ஆம் ஆண்டிலே எங்கள் ஊர்க் காக்கா ஒருவருக்குக் கடவுச்சீட்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்போது நான் பத்தாம் வகுப்பு மாணவன். கையெழுத்துத் தெளிவாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறெந்தத் தகுதியும் எனக்கிருக்கவில்லை. பெயர், பிறந்த திகதி, முகவரி என்பன தடையின்றி நிரம்பின. 'தொழில்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"கோச் எண்டு எழுதட்டா காக்கா?"

"சம்பளம் எவ்வளவு எண்டு கேட்டா என்னத்தச் சொல்ற? மேசன் எண்டு போடு" என்று சிரித்தார். அவ்வாறே எழுதினேன். அது பொய்யன்று. பகலிலே அவர் மேசன் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். எனினும், எங்களூர்ப் பிள்ளைகளைக் கேட்டால் அவரை உதைபந்தாட்டப் பயிற்றுநர் என்பார்களே தவிர, அவர் சுவர் கட்டுபவர் என்பது பாதிப்பேருக்குத் தெரிந்தேயிராது.

கல்முனைக் கரையிலே உதைபந்தாட்டத்துக்கு மைதானம் இல்லையென்று சொல்ல முடியாது. சந்தாங்கேணி மைதானம் இருக்கிறது. பெரிய போட்டிகள் அங்கேதான் நடைபெறும். ஆயின், எங்களைப் போன்ற சிறுவர்களின் மைதானம் கடற்கரையே. காலையில் கரைவலை இழுத்துத் தோணிகளை மேலேற்றிவிட்டால், பின்னேரம் அம்மணல் எங்களுக்கு உரியது. அஸர் தொழுகை முடிந்து தொடங்கினால் மஃரிப் பாங்கு கேட்கும்வரை ஆடலாம். இரண்டு சோடிச் செருப்புகளே கோல் கம்பங்கள். கம்பத்துக்கு மேலாகப் பந்து போயிற்றா உள்ளே போயிற்றா என்ற வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

காக்கா பயிற்சியைத் தொடங்கியது 2005ஆம் ஆண்டில் என்று என் வாப்பா சொல்வார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்துபோன பின்னர், பிள்ளைகள் கரைப்பக்கமே போக மறுத்தார்களாம். போனாலும் கடலைப் பாராமல் முதுகு காட்டி இருப்பார்களாம். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், கடலை நோக்கி ஆடுமாறு ஒரு பக்கத்துக்குக் கோலை நீர் விளிம்பிலே வைத்தவர் அவர்தான். பந்து அலைக்குள் போனால் எடுத்துவருவதற்கு முதலில் அவரே ஓடினார். சில மாதங்களில் பிள்ளைகளே ஓடத் தொடங்கினார்கள். அப்போது நான் கைக்குழந்தை. ஆதலால் இதனைக் கேட்டறிந்தே எழுதுகிறேன்.

எங்கள் காலத்திலே அவர் கற்பித்தவற்றுள் என் நினைவில் முதலாவதாக நிற்பது இடக்கால் ஆட்டம். வாரத்தில் ஒரு நாள் வலக்காலாற் பந்தைத் தொட்டால் அது 'ஃபவுல்'. வலக்காலாலே மலையைப் பெயர்க்கும் வீரர்களெல்லாம் அன்று தள்ளாடுவார்கள். யாராவது தவறினால், "இடக்கால ஊட்ட வெச்சிட்டா வந்தாய்?" என்று அவர் குரல் வரும். எனக்கு அந்த நாள் பிடிக்காது. அது அவரது சொந்தக் கண்டுபிடிப்பு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் இந்திய உதைபந்தாட்ட வரலாற்றைத் தற்செயலாகப் படிக்க நேர்ந்தபோதுதான், ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் என்பாரும் பலவீனமான காலால் மாத்திரமே ஆடவேண்டிய போட்டிகளைத் தம் வீரர்களுக்கு நடத்தினார் என்பதை அறிந்தேன். காக்கா ரஹீமை அறிந்திருந்தாரா என்று நான் கேட்டதில்லை. ஒரே தேவை இரு இடங்களில் ஒரே வழியைக் காட்டியிருக்கவும் கூடும்.

ரஹீமின் வாழ்க்கை சற்று நின்று நோக்கத்தக்கது. அவர் அடிப்படையிலே ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். உஸ்மானியப் பல்கலைக்கழகத்திலே எம்மைப் போலக் கலைப்பிரிவிற் கற்றவர். 1943 முதல் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளராயிருந்தார். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. 1951இல் டில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் அவரது இந்திய அணி ஈரானை 1–0 என வென்று தங்கப்பதக்கம் பெற்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 எனத் தோற்றது. வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடிய ஆட்டம் அது. ஒன்றுக்குப் பத்து என்பது எந்தப் பயிற்றுநரையும் வீட்டுக்கு அனுப்பப் போதுமான கணக்கு. ஆயினும் ரஹீம் தொடர்ந்தார். நான்கே ஆண்டுகளில், 1956இல், மெல்பேர்ணிலே அவுஸ்திரேலியாவை 4–2 என வென்று, ஒலிம்பிக் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணியாக இந்தியா விளங்கியது.

என் மனத்தை மிகவும் கவர்வது 1962இன் ஜகார்த்தா. முதல் ஆட்டத்திலே தென்கொரியாவிடம் தோல்வி. பின்னர் பின்கள வீரர் ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போடவேண்டியவரானார். பின்களத்திலே தலையால் முட்டும் வேலை அதிகம். அவரை வெளியே இருத்தவும் மனமில்லை. ரஹீம் அவரை முன்களத்துக்கு மாற்றினார். அரையிறுதியிலும் இறுதியாட்டத்திலும் அவர் கோல் அடித்தார். அரசியற் காரணங்களால் அரங்கமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்ட அவ்விறுதியாட்டத்திலே, கோலைக் காத்துநின்றவர் பீட்டர் தங்கராஜ். அதே தென்கொரியாவை 2–1 என வென்று தங்கம் பெற்றார்கள். ரஹீமை அப்போதே புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. 1963 ஜூன் 11ஆம் திகதி அவர் காலமானார்.

இக்கதையைக் கேட்போர் உடனே சொல்லும் சொல் 'தியாகம்' என்பது. 2024இல் வெளிவந்த 'மைதான்' என்ற இந்தித் திரைப்படமும் அவ்வுணர்வையே பெரிதும் எழுப்பியது. படத்தை நானும் கலங்கிய கண்களோடுதான் பார்த்தேன். ஆனால் அறைக்குத் திரும்பும்போது மனம் ஒப்பவில்லை. ரஹீமுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் இருந்தது. அவருடைய கழக வீரர்களுக்குப் பொலிஸ் உத்தியோகம் இருந்தது. பயிற்சி முடிந்து வீடு செல்லும் வீரனுக்கு மறுநாட் சோற்றைப் பற்றிய கவலை இல்லை. அம்மனிதரின் மேதைமையை நான் குறைக்கவில்லை. அம்மேதைமை நிற்பதற்கு ஒரு தரை இருந்தது என்கிறேன். எமது நாட்டிலும் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகள் இப்படியான தரையிலேயே நிற்கின்றன. கடற்கரைப் பயிற்றுநருக்கு மணல் மாத்திரமே உண்டு. தியாகம் என்று அவரைப் புகழ்ந்துவிட்டால் அவருக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்ற வசதியும் அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

பயிற்சியையே தொழிலாகக் கொண்டோரும் நம் நாட்டில் இல்லாமலில்லை. பக்கீர் அலி அவர்கள் டாக்காவின் ஆபஹானி கழகத்திலே ஆடியவர்; பின்னர் பங்களாதேஷிலும் இந்தியாவிலும் கழகங்களைப் பயிற்றுவித்துவிட்டு, 2018இல் இலங்கைத் தேசிய அணியைப் பொறுப்பேற்றார். தொழிலாக இதனைச் செய்வதற்குக் கடல் கடக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க. 2019 ஒக்டோபரில், உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்திலே தென்கொரியா எம்மை 8–0 என வென்றது. எங்கள் வகுப்பிலே மறுநாள் முழுவதும் கேலிதான். அப்போது கட்டாருக்குப் போய்ச் சில வாரங்களே ஆகியிருந்த காக்காவிடமிருந்து ஒரு குரற்செய்தி வந்தது: "எட்டு விழுந்ததுக்கு அந்தாள ஏசாதீங்கடா. இருவத்தஞ்சு வயசுல ஒருத்தனுக்கு இடக்கால் பழக்க ஏலாது. அது ஏழு வயசுல பழக்கிற."

ஏழு வயதிலே பழக்குகிறவருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொழும்புக்குப் போய் ஆரம்பநிலைப் பயிற்சிநெறி ஒன்றை அவர் முடித்திருந்தார். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் சான்றிதழ்கள் 'சி', 'பி', 'ஏ' எனப் படிப்படியாக ஏறுபவை. ஒவ்வொரு படிக்கும் பணம் வேண்டும்; நாட்கூலியை இழந்து பல நாட்கள் தங்கவும் வேண்டும். மூத்த மகளுக்குப் பத்து வயதானதும், வீடு கட்டவேண்டுமே என்ற பேச்சு வீட்டிலே எழுந்தது. எம் பகுதியிலே பெண்பிள்ளையைப் பெற்றவருக்கு வீடு என்பது எத்தகைய சுமை என்பதை விளக்கத் தேவையில்லை. 2022இல் உலகக் கிண்ணம் கட்டாரிலே நடைபெற்றபோது அவர் அங்கே ஒரு களஞ்சியசாலையில் இரவுவேலை செய்தார். அரங்கின் வெளிச்சம் தூரத்தே வானத்திலே தெரியும் என்று புகைப்படம் அனுப்பினார். படத்திலே வெளிச்சம் சரியாக விழவில்லை.

விடுமுறைக்கு ஊர் போகும்போதெல்லாம் இப்போது பிள்ளைகளை நான்தான் கூட்டிச் செல்கிறேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு எச்சான்றிதழும் இல்லை. பட்டம் முடிந்ததும் ஆசிரியர் நியமனத்துக்கு எழுது என்கிறார் வாப்பா. 'சி' சான்றிதழுக்கும் எழுதப்போகிறேன் என்றேன். "ரெண்டையும் எழுது; சம்பளம் வாறதுக்கு முதல்ல எழுது" என்றார். ரஹீமும் அவ்வாறுதானே வாழ்ந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். காக்காவின் விண்ணப்பம் நினைவுக்கு வரவே பேசாதிருந்துவிட்டேன்.

சென்ற விடுமுறையில் அணிக்குப் புதிதாக வந்த ஏழு வயதுப் பையன் ஒருவனின் ஆட்டத்தைக் கைப்பேசியிற் பதிந்து காக்காவுக்கு அனுப்பினேன். நல்ல வேகம், பந்து காலோடு ஒட்டிக்கொண்டே போகிறது. பாராட்டுவார் என்று காத்திருந்தேன். நள்ளிரவு கடந்து, வேலை இடைவேளையிலே பதில் வந்தது.

"இடக்கால் எங்கடா?"

மறுநாள் வியாழக்கிழமை. அன்று பின்னேரம் வலக்காலாற் பந்தைத் தொட்டால் 'ஃபவுல்' என்று அறிவித்தேன். பையன் ஐந்து தரம் விழுந்தான்.