நோய்க்குப் பெயரிடுவோர்

யானைக்கவுனியில் எம் இல்லத்திற்கு அடுத்த தெருவில் வாழும் என் அத்தை, தம் மார்பில் நெல்லிக்கனியளவாய்த் தோன்றிய கட்டியொன்றை எட்டுத் திங்கள் ஒருவருக்கும் உரையாது மறைத்து வைத்திருந்தார். என் அன்னை அறிந்து வினவியபோது, "அண்ணி, இதை யாரிடம் எப்படிச் சொல்வேன்?" என்பதே அவர்தம் மறுமொழி.

மருத்துவமனையில் அக்கட்டியினின்று சிறு துண்டெடுத்து, மருந்துநீர் நிறைந்த குப்பியிலிட்டு, நோய்க்குறியியற் பகுதியிற் சேர்க்குமாறு என்னிடம் தந்தனர். மகளிர் மார்பினைப் புலவர் பாடிய இடங்களுக்கெல்லாம் வகுப்பிற் கூசாது உரை கூறுபவன் யான். ஆயினும், ஆண்டிருந்த பணியாளர் "எந்த உறுப்பு?" என வினவியபோது என் நா எழவில்லை, சீட்டை நீட்டி வாளா நின்றேன். அத்தையின் மௌனம் அவருடையது மட்டுமன்று, எம் வீட்டார் அனைவருடையதுமே என்பது அப்பொழுது விளங்கிற்று.

பத்து நாட்களுக்குப்பின் வந்த தாளில் சில வரிகளும் ஒரு கையொப்பமுமே இருந்தன. மார்பகப் புற்றுநோய் என்று அத்தாள் கூறியது. அக்கையொப்பத்திற்குரியாரை யாம் கண்டதில்லை. அவர்தம் பணி யாதென அறியும் வேட்கையாற் சில நூல்களைப் புரட்டினேன். தசைத்துண்டை மெழுகிற் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 250-இல் ஒரு பங்கு கனமாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியின்கீழ் வைத்து ஆராய்வர். உயிரணுக்களின் அமைப்பு எத்துணைச் சிதைந்துளது, எத்துணை விரைவிற் பெருகுகின்றன என்பவற்றை எண்ணி நோயின் கடுமையை மூன்று படிகளாக வகுப்பர். இம்முறையை 1957-இல் புளூம், ரிச்சர்ட்சன் என்னும் இருவர் இங்கிலாந்தில் நிலைநிறுத்தினர். பெண்மைச் சுரப்பினை ஏற்கும் இயல்பு அவ்வணுக்களுக்கு உண்டோ என்பதையும் இன்று சோதித்து, ஏற்ற மருந்தினைத் தெரிகின்றனர்.

நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்டோருள் தலையாயவர் வசந்த் ராம்ஜி கானோல்கர். 1895-இற் பிறந்து, இலண்டனிற் பயின்று, பம்பாய் மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியராய் விளங்கிய அவர், 1941-இல் திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வுக்கூடங்களுக்குத் தலைவரானார். 1952-இல் நிறுவப்பெற்ற இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநருமானார். அவரிடம் ஆய்வு செய்து 1949-இல் முனைவர் பட்டம் பெற்ற கமல் ரணதிவே என்னும் அம்மையார், எலிகளை வளர்த்து, மார்பகப் புற்றுக்கும் பரம்பரைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1978-இற் கானோல்கர் மறைந்தார். அவர் நட்ட மரமோ இன்றும் நிழல் தருகின்றது.

நோயையும் அதன் வேரையும் அறிந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவர் கொள்கை. அறிதற்கு முதற்படி பெயரிட்டுரைத்தலன்றோ! பல்லாண்டு கற்றும் கற்பித்தும் நுண்ணோக்கியின்முன் அமர்ந்திருப்போர் நோய்க்குப் பெயரிட ஆயத்தமாயுள்ளனர். துண்டு அவர் கைக்குச் செல்லாதவரை அவர்தம் புலமை யாது செய்யும்? எட்டுத் திங்களில் நோய் அத்தையின் அக்குள் வரை பரவிவிட்டிருந்தது. அறுவை நிகழ்ந்தது; நாடோறும் ஒரு மாத்திரை உட்கொண்டு வருகிறார்.

சென்ற திங்கள் எம் இல்லத்திற்கு வந்திருந்த அண்டை வீட்டுப் பெண்களிடம் அத்தை, "மார்பிலே கட்டி தெரிந்தால் மறுநாளே போய்க் காட்டுங்கள், என்னைப்போல் ஒளித்து வைக்காதீர்கள்" என்று உரக்கக் கூறினார். அறையிலிருந்த யான் எழுந்து செல்லவில்லை, தலை குனியவுமில்லை.