கேட்கும் உள்ளம்

பொதுத்தேர்வு நெருங்கும் நாள்களில் நம் பங்குகளில் மாணவர்களுக்கென ஒரு திருப்பலி தவறாமல் நடைபெறுகிறது. எழுதுகோல்களையும் தேர்வு அனுமதிச் சீட்டுகளையும் தட்டுகளில் ஏந்திப் பீடத்தின் முன் கொணர்கிறார்கள். அவற்றை மந்திரித்துத் திருப்பித் தருகிறோம். இதனை எள்ளி நகைப்போர் உண்டு. நாம் நகைப்பதில்லை. மீனவர் வலையைக் கொண்டுவருகிறார்; உழவர் விதையைக் கொண்டுவருகிறார்; மாணவர் எழுதுகோலைக் கொண்டுவருவதில் என்ன பிழை? நம்மைச் சிந்திக்க வைப்பது வேறொன்று. அந்நாள்களில் மன்றாட்டுப் பெட்டியில் விழும் தாள்களில் 'ஞானம்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. 'இயேசுவே, எனக்கு ஞானம் தாரும்' என்று தொடங்கும் மன்றாட்டு, படித்தது மறவாதிருக்க வேண்டும், படித்த பாடத்திலிருந்தே வினா வர வேண்டும் என்று முடிகிறது. நினைவாற்றலுக்கு நம் பிள்ளைகள் இட்ட பெயர் ஞானம்! கடைசித் தேர்வு முடிந்த அன்றே அந்த ஞானத்திற்கும் வேலை முடிந்துவிடுகிறது.

ஆனால், பிள்ளையின் வாழ்வில் கடினமான வினாக்கள் அதன்பின்தானே வரத் தொடங்குகின்றன? என்ன படிப்பது, எங்கே போவது, யாரை நம்புவது, யாரை மணப்பது, எந்த வேலையை மறுப்பது என்னும் வினாக்களுக்கு எந்தப் பாடநூலின் பின்பக்கத்திலும் விடை அச்சிடப்படவில்லை.

கிபயோனில் சாலமோன் கண்ட கனவை நாம் அனைவரும் அறிவோம். ஆயிரம் எரிபலிகள் செலுத்திய இளம் அரசரிடம் ஆண்டவர், வேண்டியதைக் கேள் என்கிறார். தாம் போக்கும் வரத்தும் அறியாத சிறுபிள்ளை என்று ஒப்புக்கொண்ட அவர், நீண்ட ஆயுளையோ செல்வத்தையோ எதிரிகளின் உயிரையோ கேட்கவில்லை. ஞானத்தைக் கேட்டார் என்று மறைக்கல்வியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். எபிரேய மூலம் அவ்விடத்தில் பயன்படுத்தும் சொற்கள் 'லேவ் ஷோமேயா' என்பன. செவிசாய்க்கும் உள்ளம், கேட்கும் இதயம் என்பது அவற்றின் நேர்ப்பொருள். நம் தமிழுக்கு இங்கே ஒரு பேறு வாய்த்திருக்கிறது. பிறரிடம் ஒன்றை வேண்டுவதும் 'கேட்டல்'. பிறர் சொல்வதற்குச் செவிகொடுப்பதும் 'கேட்டல்'. வள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களுக்கு அடுத்துக் 'கேள்வி'யை வைத்து, அதன்பின்னரே 'அறிவுடைமை'க்குச் செல்கிறார். சாலமோன் கேட்டது, கேட்கும் வரத்தையே. அவ்வரத்தை அவர் முதலில் பயன்படுத்தியதாக மறைநூல் காட்டும் இடமும் எண்ணத்தக்கது. ஒரே வீட்டில் வாழ்ந்த இரு விலைமகளிர், உயிரோடிருக்கும் குழந்தை யாருடையது என்று வழக்காடி வந்து நிற்கிறார்கள். ஊரார் காது கொடுக்கத் தயங்கும் அவ்விருவரையும் அரசர் முழுவதும் பேச விடுகிறார். வாளைக் கொண்டுவரச் சொன்னது பிறகுதான்.

சீராக்கின் ஞான நூலை எழுதியவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எருசலேமில் இளைஞருக்குப் போதித்த ஓர் ஆசிரியர். அவருடைய பேரன் எகிப்து நாட்டில் அதனைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். நூலின் இறுதி அதிகாரத்தில் ஆசிரியர் தம் இளமையை நினைவுகூர்கிறார். ஊர் ஊராய்ப் பயணம் புறப்படுவதற்கு முன்பே, இளைஞராய் இருந்தபோதே, கோவில் முன் நின்று ஞானத்தை வேண்டியதாகச் சொல்கிறார். பயணத்திற்கு முன் என்னும் குறிப்பை நாம் மிகவும் பொருளுள்ளதாகக் கருதுகிறோம். நம் பிள்ளைகளும் புறப்படுகிறவர்களே. சென்னைக்கும் பெங்களூருக்கும் படிக்கப் போகிறார்கள். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். பெட்டியில் ஊறுகாய் வைக்கிறோம், செபமாலை வைக்கிறோம், சான்றிதழ்களின் நகல்களை மூன்று படிகள் எடுத்து வைக்கிறோம். அறிமுகமற்ற ஊரில், ஆலோசனை சொல்ல ஆளில்லாத ஓரிரவில், இறைவன் திருமுன் அமர்ந்து ஒரு முடிவை எடுப்பது எப்படி என்பதை எப்போது கற்றுத் தருகிறோம்?

அதே ஆசிரியர் 37ஆம் அதிகாரத்தில் வழியும் சொல்கிறார். தன்னலத்திற்காக ஆலோசனை கூறுவோரை முதலில் அடையாளம் காணச் சொல்கிறார். விற்க வந்தவனிடமே விலையைப் பற்றிக் கருத்துக் கேட்கலாகாது என்பது அவருடைய உலகியல் அறிவு. அதன்பின் இறையச்சமுள்ள ஒருவரோடு பழகச் சொல்கிறார். அடுத்து, உன் உள்ளம் உனக்குச் சொல்வதை மதி என்கிறார். உயர்ந்த கோபுரத்தில் அமர்ந்த ஏழு காவலர்களைவிட அது சில வேளைகளில் தெளிவாகச் சொல்லும் என்பது அவர் துணிபு. எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையின் வழியில் நடத்தும்படி உன்னத இறைவனை மன்றாடு என்கிறார். இறைவேண்டல் வந்துவிட்டது என்பதால் ஆலோசனையும் வேண்டாம், சொந்தச் சிந்தனையும் வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. கண்ணை மூடி மறைநூலைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை விடையாகக் கொள்ளும் பழக்கம் நம் இளையோர் சிலரிடம் உள்ளது. அது செபம் அன்று, சீட்டுக் குலுக்கல்.

உள்ளம் சொல்வதை எப்படி அறிவது? 1521ஆம் ஆண்டு பம்பலோனாப் போரில் கால் நொறுங்கி, லொயோலாவில் தம் இல்லத்தில் படுக்கையாய்க் கிடந்த இஞ்ஞாசியாருக்கு அப்போது வயது ஏறத்தாழ 30. வீரக் கதைகள் படிக்கக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறும் மட்டுமே கிடைத்தன. உயர்குலப் பெண்ணொருத்தியின் முன் தாம் புரியப்போகும் வீரச் செயல்களைக் கனவு காணும்போது அவருக்கு இனித்தது. கனவு கலைந்தபின் உள்ளம் வறண்டது. புனிதர்களைப் போல் வாழ்வதைக் கனவு காணும்போதும் இனித்தது. கலைந்தபின்னும் மகிழ்ச்சி தங்கியது. இந்த வேறுபாட்டை ஒருநாள் அவர் கவனித்தார். நினைக்கும்போது இனிப்பது எது என்பதை விட்டு, நினைத்து முடித்தபின் எது தங்குகிறது என்று பார்த்தார். பின்னாளில் ஆன்மிகப் பயிற்சிகளாக விரிந்ததற்கு இதுவே வித்து. பதினேழு வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும். நாம் சொல்லிப் பார்த்திருக்கிறோம்.

கடற்கரைப் பங்கொன்றில் நாம் பணியாற்றிய நாள்களில், நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்த ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். மகள் நீட் தேர்வை இருமுறை எழுதி, இடம் கிடைக்காதவள். மூன்றாம் முறை எழுத மறுத்தாள். "சாமி, இவளுக்கு நல்ல புத்தி வரணும்னு செபம் பண்ணுங்க" என்றார் தந்தை. நல்ல புத்தி என்று அவர் சொன்னது எதனை என்பது மூவருக்கும் தெரிந்தே இருந்தது.

தலையில் கைவைத்துச் செபித்தோம். அதன்பின் அப்பெண்ணிடம், மாலைதோறும் கால் மணி நேரம் நற்கருணைச் சிற்றாலயத்தில் அமரும்படி சொன்னோம். எந்தப் படிப்பு என்று ஆண்டவரிடம் கேட்க வேண்டாம். கேட்கும் உள்ளத்தை மட்டும் கேள். எழுந்து வரும்போது உன்னில் எது தங்குகிறது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரி எழுது என்றோம். மூன்று வாரங்கள் வந்தாள். எந்தக் குரலும் அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால், அமரும்போதெல்லாம் தந்தையின் முகமே நினைவுக்கு வருவதாகவும், எழும்போது அச்சமே தங்குவதாகவும் எழுதியிருந்தாள். "ஃபாதர், நான் பயப்படுறது பரீட்சைக்கு இல்லை, அப்பாவுக்கு" என்றாள். எதற்காக அவர் இப்படி வற்புறுத்துகிறார் என்று அவரிடம் ஒருமுறையாவது கேட்டதுண்டா என வினவினோம். கேட்டதில்லை.

அன்று மாலை வலை பின்னிக்கொண்டிருந்த தந்தையிடம் அவள் போய் அமர்ந்து கேட்டிருக்கிறாள். பயிற்சி மையக் கட்டணத்திற்காகத் தாயின் நகைகள் அடகில் இருந்தன. கடலில் தம் பிள்ளைகளின் தலைமுறையும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்ற வைராக்கியம் தந்தையின் நெஞ்சில் இருந்தது. அவள் அறியாத செய்திகள் இவை. தந்தை அழுதார், மகளும் அழுதாள். ஆயினும், மூன்றாம் முறை எழுத அவள் இசையவில்லை. இன்னுமோர் ஆண்டின் கட்டணத்தை அந்த வீடு தாங்காது என்பது இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டதே! கணிதப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். சில நாள் கழித்துத் தந்தை நம்மிடம் வந்து நின்றார். "புத்தி வரச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். நீங்க பேசக் கத்துக் கொடுத்துட்டீங்க" என்று மட்டும் சொல்லிப் போனார். நாம் அவ்வூரிலிருந்து மாற்றலாகும் வரை, திருப்பலி முடிந்ததும் அவர் பக்கவாயில் வழியாகவே வெளியேறினார்.

அம்முடிவுதான் இறைத்திட்டம் என்று முத்திரை குத்த நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால், யாக்கோபு தம் திருமுகத்தில் மேலிருந்து வரும் ஞானத்திற்கு அடையாளங்கள் தருகிறார்: அது தூயது, அமைதியை நாடுவது, பொறுமையுள்ளது, இரக்கம் நிறைந்தது. தந்தையை இகழாமல், அவர் துயரை அறிந்துகொண்டே மறுத்த அந்தப் பெண்ணிடம் அவற்றுள் சிலவற்றைக் கண்டோம் என்று மட்டும் சொல்வோம்.

அந்தத் தந்தையின் வருத்தத்தையும் நாம் இலேசாக எண்ணவில்லை. பிள்ளைகளுக்குச் செபிக்கக் கற்றுத் தருகிற பெரியவர் எவருக்கும் இந்த இடர் உண்டு. ஏலியை நினைத்துப் பாருங்கள். பார்வை மங்கிய முதிய குரு. இரவில் சிறுவன் சாமுவேல் ஓடிவந்து எழுப்பும்போது இருமுறை அவருக்கே விளங்கவில்லை. மூன்றாம் முறைதான், அழைப்பவர் ஆண்டவர் என்று உணர்கிறார். உணர்ந்ததும் அவர் செய்தது என்ன? சிறுவனைத் தம்மருகே வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லவில்லை. என்ன மறுமொழி சொல்வது என்று கற்றுத் தந்து, அவன் இடத்திற்கே திருப்பி அனுப்பினார். அவ்விரவில் சாமுவேல் கேட்ட வாக்கோ ஏலியின் குடும்பத்திற்கு எதிரான தீர்ப்பு! விடிந்ததும் சொல்ல அஞ்சிய சிறுவனை, மகனே என்று அழைத்து, எதையும் மறைக்காதே என்று கேட்டு வாங்கி, அவர் ஆண்டவர், அவர் விருப்பப்படியே செய்யட்டும் என்று ஏற்றுக்கொண்டார் முதியவர். தம் மக்களைத் திருத்தாமல் விட்டவர் என்று ஏலியைக் குறை கூறுவோம், அது நியாயமே. ஆயினும், செபிக்கக் கற்றுத் தருவதில் அவருக்கு இணையான ஆசிரியரைப் பழைய ஏற்பாட்டில் நாம் காணவில்லை.

யாக்கோபின் திருமுகத்திலேயே இன்னொரு சிறு சொல் உண்டு. ஞானம் குறைவுபட்டோர் கடவுளிடம் கேட்கட்டும். அவர் தாராளமாகக் கொடுப்பவர், கடிந்துகொள்ளாதவர் என்கிறார். இந்தக் கடிந்துகொள்ளாமை நம் இல்லங்களிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் அரிது. 'இதுகூடத் தெரியாதா?' என்ற ஒரே வினாவால் ஒன்பது வினாக்களை மூடிவிடுகிறோம். ஒன்றும் கேட்காத பிள்ளையைப் பணிவான பிள்ளை என்று பரிசளிக்கிறோம். பன்னிரண்டு வயதில் இயேசு ஆலயத்தில் போதகர்கள் நடுவே அமர்ந்து செவிசாய்த்தார், வினாக்களும் எழுப்பினார் என்று லூக்கா இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார். 2019 மார்ச் 25 அன்று லொரேட்டோவில் கையெழுத்திட்ட 'கிறிஸ்து வாழ்கிறார்' என்னும் மடலில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இறுதி அதிகாரம் முழுவதையும் தெளிந்து தேர்தலுக்கே ஒதுக்கினார். இளையோருக்குத் துணைநிற்போர் முதலில் தர வேண்டியது நேரமும் செவியும் என்று அதில் கூறினார். மனம் புண்படாமலும் அதிர்ச்சி காட்டாமலும் சலிக்காமலும் கேட்கச் சொன்னார். எளிதன்று!

ஒருமுறை பெற்ற ஞானம் வாழ்நாள் முழுமைக்கும் போதும் என்றும் பிள்ளைகள் எண்ணிவிடலாகாது. கிபயோன் இரவைக் கற்பிப்போர், அரசர்கள் முதல் நூலின் 11ஆம் அதிகாரத்தையும் வாசிக்கட்டும்: அதே சாலமோனின் உள்ளம் முதுமையில் வேற்றுத் தெய்வங்களின்பால் திரும்பிற்று. அவர் மகன் ரெகபெயாமோ அரசரானபோது 41 வயதினர். மக்களின் சுமையைக் குறைப்பதா என்ற வினாவுக்கு மூன்று நாள் தவணை கேட்டார், முதியோரைக் கேட்டார், தம்மோடு வளர்ந்தவர்களைக் கேட்டார். அந்த மூன்று நாளில் ஆண்டவரைக் கேட்டதாக ஒரு வரியும் இல்லை. நாடு இரண்டாயிற்று.

இப்போது நாம் இருக்கும் பங்கில், ஞாயிறு மாலை இளையோர் கூட்டத்தின் இறுதியில் பத்து நிமிடம் நற்கருணைப் பேழையின் முன் மௌனமாக அமர்கிறோம். பாடல் இல்லை, உரை இல்லை. கைப்பேசிகள் வாயிலருகே ஒரு கூடையில். முதல் சில வாரங்கள் இருமலும் அடக்கிய சிரிப்புமாகக் கழிந்தன. கடலுக்குப் போய்வந்த களைப்பில் ஓர் இளைஞர் தூணில் சாய்ந்து நன்றாகவே உறங்கிவிட்டார். தட்டி எழுப்பப் போன மறைக்கல்வி ஆசிரியரைக் கைகாட்டித் தடுத்தோம். ஆண்டவரின் பேழை இருந்த இடத்தில் சாமுவேலும் படுத்துத்தான் கிடந்தான்.