மூடிய கணக்கும் மூடாத பதிவும்



'கருப்புப் பட்டியல்' என்ற சொல்லுக்கு அஞ்சாதவர் நம்மிடையே குறைவு. ஒருவருக்கு வங்கி கடன் தர மறுத்துவிட்டால் போதும், காரணம் என்னவென்று விசாரிப்பதற்கு முன்பே "அவர் பேரு பிளேக்லிஸ்ட் ஆயிடுச்சாம்" என்று கல்யாணப் பந்தியில்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்கிறோம். ஏதோ சிறைக்குச் சென்று வந்தவரைப் பற்றிப் பேசுவது போன்ற தொனி அது. உண்மையில் அப்படியொரு பட்டியல் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் கிடையாது. அங்கே இருப்பது 2001ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சிசிரிஸ் என்னும் கடன் தகவல் முறைதான். நாட்டிலுள்ள வங்கிகள் தங்கள் கடனாளிகளின் விவரங்களை மாதந்தோறும் அதற்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு கடனுக்கும் நேராகக் கடந்த 12 மாதங்களுக்கான கட்டங்கள் இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் சுழியம். ஒரு மாத நிலுவை இருந்தால் 1. இரண்டு மாதமானால் 2. இவர் நாணயமானவர் என்றோ ஏமாற்றுக்காரர் என்றோ அந்த அறிக்கை ஒரு சொல்லும் சொல்வதில்லை. அந்த எண்களைப் பார்த்து முடிவெடுப்பது அவ்வவ் வங்கியின் வேலை.

இவ்வளவு தெளிவாக இதை நான் தெரிந்துகொண்டது 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில். அதற்கு முன் எனக்கும் அது வெறும் பந்திப் பேச்சுதான்.

நாங்கள் குடியிருப்பது மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியின் நான்காம் மாடி. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். மருத்துவமனைக்குப் போகும் நாள்களில் இறங்குவதற்குக் கால் மணி நேரம், ஏறுவதற்கு அரை மணி நேரம் ஆகிறது. ஆகவே ஒரு தரை வீடு பார்த்தோம். பழைய வீடுதான்; ஆனால் வாசலில் ஒரே ஒரு படி. அம்மா அந்தப் படியில் ஒரு முறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சிரித்தார். விலையில் 2 விழுக்காட்டை முன்பணமாகக் கட்டினோம். அரசாங்க வீட்டுக் கடன் இப்போதைய வீட்டுக்கே ஓடிக்கொண்டிருப்பதால் வங்கியில் விண்ணப்பித்தோம். பத்து நாளில் மறுப்புக் கடிதம் வந்துவிட்டது.

சிசிரிஸ் அறிக்கையை யாரும் இணையத்தில் இலவசமாகப் பெறலாம். அன்றிரவே பதிவிறக்கிப் பார்த்தேன். என் பெயரில் ஒரு கடன் அட்டை. நிலுவை 78 வெள்ளி. அதற்கு நேரே செப்டம்பர் முதல் சனவரி வரை 1, 2, 3, 4, 5 என்று எண்கள் வரிசையாக நின்றன. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் கணிதப் பயிற்சி நூலைப் பார்ப்பது போலிருந்தது.

அந்த அட்டையை 2024 மார்ச்சில் ரத்து செய்திருந்தேன். வங்கிக் கிளைக்கு நேரில் சென்று, கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தேன். அட்டையையும் முகப்பு ஊழியர் என் கண்முன்னே கத்தரியால் இரண்டாக வெட்டினார். வெட்டப்பட்டது பிளாஸ்டிக் மட்டும்தான் போலும். கணினியில் கணக்கு உயிரோடு இருந்திருக்கிறது. நம் நாட்டில் ஒவ்வொரு கடன் அட்டைக்கும் ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி உண்டு. ஆகஸ்டில் அட்டையின் ஆண்டு நிறைவு வந்ததும் அந்த வரி தானாக விழுந்திருக்கிறது. கட்டாததற்கு மாதம் 10 வெள்ளி தாமதக் கட்டணம். அதன்மேல் சில்லறை வட்டி. கணக்கு அறிக்கை எல்லாம் அந்த வங்கியின் கைப்பேசிச் செயலிக்குத்தான் வரும். அட்டையே இல்லாதபோது செயலி எதற்கு? அதைத்தான் அட்டையோடு சேர்த்து நீக்கியிருந்தேனே. ஓரிரு முறை அழைத்ததாகவும் வங்கியில் சொன்னார்கள். அழைத்திருக்கலாம். மோசடி அழைப்புகள் மலிந்துவிட்ட இந்நாளில், வகுப்பு நேரத்தில் வரும் தெரியாத எண்ணை எந்த ஆசிரியர் எடுப்பார்?

மறுநாள் பள்ளி முடிந்ததும் கிளைக்குச் சென்றேன். முகப்பில் நம் இளைஞர் ஒருவர் இருந்தார், பணிவானவர். கணினியைப் பார்த்துவிட்டு, "டீச்சர், 78 வெள்ளிதானே? இப்பவே கட்டிடுங்க, பிரச்சினை முடிஞ்சிரும்" என்றார். கைப்பையில் நூறு வெள்ளித் தாள் இருந்தது. கட்டிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் கட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். நிலுவை சுழியமாகும். கணக்கு தொடர்ந்து இருக்கும். ஏற்கெனவே விழுந்த 1, 2, 3, 4, 5 அவ்வம்மாதக் கட்டங்களில் அப்படியே நிற்கும்; 12 மாதக் கட்டங்களிலிருந்து ஒவ்வொன்றாக நகர்ந்து வெளியேற 2026 தொடக்கம் வரை காத்திருக்க வேண்டும். அதாவது, தாமதமாகவேனும் கட்டியவர் என்று நான் பதிவாவேன். கட்ட வேண்டியதே இல்லாதவர் என்று ஆகமாட்டேன். பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அதன்பின் நடந்தவற்றை முழுவதும் எழுதினால் படிப்பவர்களுக்கும் தலைவலி வரும். கிளை, அட்டைப் பிரிவைக் கைகாட்டியது. அட்டைப் பிரிவில் ஒவ்வோர் அழைப்பிலும் ஒரு புதுக்குரல்; ஒவ்வொரு குரலுக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். இடையே இசை ஒலிக்கும். அந்த இசையை இன்றும் என்னால் முணுமுணுக்க முடியும். "சிக்கு, பொறுமையாக இருங்கள்" என்று ஒரு மலாய் அம்மையார் அன்போடு சொன்னபோது, அந்த அன்பின்மீதே எனக்குக் கோபம் வந்தது.

இந்தக் கோபத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். பணம் போனால் வருகிற கோபம் வேறு. இது நம்மைப் பற்றி யாரோ எழுதிவைத்த பொய்யை, எழுதியவர் எவரென்றே தெரியாமல், அழிக்கச் சொல்லி அலையும்போது வருவது. திட்டுவதற்கும் முகமில்லை. பேங்க் நெகாராவைக் கேட்டால், விவரத்தை அனுப்பிய வங்கிதான் திருத்த வேண்டும் என்பார்கள். அது நியாயமே. பள்ளி வருகைப் பதிவேட்டிலும் அப்படித்தானே? என் வகுப்பேட்டில் விழுந்த பிழையைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரோ தலைமையாசிரியரோ தம் விருப்பத்துக்கு அழித்துவிட முடியாது. பொறுப்பாசிரியர்தான் ஒற்றைக்கோடு போட்டு, சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். இந்த ஒப்புமை மனத்தில் பட்டவுடன், யாரிடம் பேச வேண்டும் என்பது தெளிவானது. ஏட்டில் எழுதியவரைத் தேட வேண்டும். மற்றவர்களிடம் கத்தி மூச்சை வீணாக்கக் கூடாது.

இரண்டு பழக்கங்கள் எனக்குக் கைகொடுத்தன. பள்ளியில் மிச்சமாகக் கிடந்த ஒரு கோடிட்ட பயிற்சி நூலை எடுத்து, ஒவ்வோர் அழைப்பின் தேதி, நேரம், பேசியவர் பெயர், அவர் சொன்னது, புகார் எண் என்று எழுதலானேன். "ஏழு நாளில் முடிந்துவிடும்" என்ற வாக்கியம் அந்நூலில் நான்கு இடங்களில், நான்கு பேர் வாயிலிருந்து பதிவாகியிருக்கிறது. எழுதத் தொடங்கிய பிறகு தொலைபேசியில் என் குரல் தானாகவே தணிந்ததை வீட்டில் எல்லாரும் கவனித்தார்கள். இன்னொன்று, கோபமாக ஒரு கடிதம் எழுதி இரவில் அதை அனுப்பாமல் வைத்துவிடுவது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அலுவல் கடிதம் கற்பிக்கும்போது, 'உணர்ச்சி வேண்டாம், செய்தி வேண்டும்' என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! காலையில் என் கடிதத்தை நானே திருத்தினேன். இரண்டு பக்கம் அரைப்பக்கமானது. அட்டை ரத்தான தேதி, முத்திரையிட்ட நகல், அறிக்கையின் நகல், எனக்கு வேண்டியது என்ன என்ற ஒரு வாக்கியம். அவ்வளவுதான்.

அந்த ஒரு வாக்கியம்தான் பின்னர்ப் பெரிதும் உதவியது. மார்ச் முதல் வாரத்தில் வங்கி ஒரு மறுமொழி அனுப்பியது: நல்லெண்ண அடிப்படையில் 78 வெள்ளியையும் தள்ளுபடி செய்கிறார்களாம். கணவர் மகிழ்ந்தார். எனக்கோ கோபம் மீண்டும் தலைக்கேறியது. தள்ளுபடி என்றால் கடன் இருந்தது என்றல்லவா பொருள்? அறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். நிலுவை சுழியம், ஐந்து எண்களும் நகராமல் நின்றன. நான் கேட்டது தள்ளுபடி அன்று, திருத்தம். 2024 மார்ச்சிலேயே கணக்கு மூடப்பட்டதாகப் பதிவைச் சரிசெய்ய வேண்டும் என்று மறுபடியும் எழுதினேன். இத்தகைய சிக்கலில் இருப்பவர்கள் இந்த வேறுபாட்டை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை நீக்குவதும் பதிவைத் திருத்துவதும் வங்கிக்குள் வெவ்வேறு மேசைகளில் நடக்கும் வேலைகள். ஒன்று முடிந்தால் மற்றதும் முடிந்துவிடும் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்.

இதற்கிடையில் வீடு போய்விட்டது. உரிமையாளர் ஒரு சீனப் பெரியவர், பொல்லாதவர் அல்லர். இரண்டு வாரம் கூடுதலாகக் காத்திருந்தார். அவருக்கும் பணத்தேவை இருந்தது. மார்ச் நடுவில் வேறொருவருக்கு விற்றுவிட்டார். முன்பணத்தை முழுமையாகத் திருப்பித் தந்தார். செய்தியை அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. "விடும்மா. படி ஏறி எறங்குனாதான் காலு மரத்துப்போகாம இருக்கும்" என்றார். அன்றிரவு எழுதிய கடிதத்தைக் காலையில் திருத்தக்கூட இல்லை, கிழித்தே போட்டேன்.

அந்த வாரத்தில்தான், பேருந்து நிறுத்த விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களை முதன்முறையாக நின்று படித்தேன். கருப்புப் பட்டியலில் இருந்தாலும் கவலையில்லை, பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று மலாயில் எழுதி ஒரு கைப்பேசி எண்ணும் இருக்கும். மனம் சலித்தவனுக்கு அது எப்படித் தேனாக இனிக்கும் என்பது அன்று புரிந்தது. ஆனால் வங்கி அனுப்பிய விவரத்தை வெளியாள் எவராலும் மாற்ற முடியாது. முன்கட்டணம் வாங்கிக்கொண்டு மறைவதுதான் அவர்களில் பலரின் தொழில். உண்மையாகவே கடன் மிஞ்சிப்போனவர்களுக்கு 2006 முதல் ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாகவே வழிகாட்டுகிறது. நம் மக்களில் பலர் அங்கே செல்ல வெட்கப்பட்டு வட்டி முதலைகளின் வாசலுக்குச் செல்வது எனக்கு விளங்காத ஒன்று.

ஏப்ரலில் பேங்க் நெகாராவின் பொதுமக்கள் சேவைப் பிரிவான பிஎன்எம்லிங்க்கில் புகார் அளித்தேன். பயிற்சி நூலின் பக்கங்களை நகலெடுத்து இணைத்தேன். அதற்கும் மசியாவிட்டால் அடுத்த வாசல் எது என்பதையும் பார்த்து வைத்திருந்தேன். 2025 சனவரியில் இரு அமைப்புகள் இணைந்து உருவான நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவை அது. பயனீட்டாளர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. வங்கியின் இறுதி மறுமொழி கிடைத்து ஆறு மாதத்திற்குள் அங்கே செல்ல வேண்டும். நல்லவேளை, அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. இரண்டு வாரத்தில் வங்கியிலிருந்து ஓர் அதிகாரி தாமே அழைத்தார். பத்து நிமிடம்தான் பேசினார். மே மாத அறிக்கையில் அந்த அட்டையின் வரியே இல்லை.

மொத்தம் பதினொரு வாரம். மன்னிப்பு என்ற சொல் அந்தக் கடைசிக் கடிதத்தில் இருந்தது. 'ஏற்பட்ட அசௌகரியத்திற்கு' என்று தொடங்கும் அச்சுக்கோத்த மன்னிப்பு. அதைப் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை.

சக ஆசிரியை ஒருவரின் கணவருக்கு நேர்ந்தது இதைவிடச் சிக்கலானது. தனியார் கடன் தகவல் நிறுவனங்கள் நீதிமன்ற வழக்கு, திவால் போன்ற பொதுப்பதிவுகளையும் திரட்டுகின்றன. அவர் பெயரிலும் அவர் தந்தை பெயரிலும் இன்னொருவர் இருந்திருக்கிறார். அந்த மனிதரின் பழைய வழக்கு இவர் தலையில் ஏறிவிட்டது. நம் பெயர்களை மலாய் எழுத்துகளில் பதிவதற்கு ஒரு முறையா இருக்கிறது? சுப்பிரமணியம் என்ற ஒரே பெயரை என் வகுப்பேடுகளில் மட்டும் நான்கு விதமாகக் கண்டிருக்கிறேன். எழுத்து மாறினால் தன் பதிவு தனக்கில்லை. எழுத்து ஒத்தால் பிறர் பதிவும் தனக்கு! இந்நிறுவனங்களுக்கென 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த சட்டம், தன்னைப் பற்றிய தகவலைப் பார்க்கவும் பிழையைத் திருத்தக் கேட்கவும் நமக்கு உரிமை தருகிறது. அவர் அடையாள அட்டை நகலோடு எழுதினார், திருத்தம் கிடைத்தது. என் பயிற்சி நூல் முறையைத்தான் அவரும் பின்பற்றினார் என்பதில் எனக்குச் சிறிது பெருமை.

இப்போது மூன்று மாதத்திற்கு ஒருமுறை, பள்ளி விடுமுறையின் முதல் நாளில், அறிக்கையை எடுத்துப் பார்த்துக் கோப்பில் சேர்க்கிறேன். கணவருடையதையும் சேர்த்துத்தான். வரும் சனிக்கிழமை இன்னொரு தரை வீட்டைப் பார்க்கப் போகிறோம். வாசலில் இரண்டு படிகளாம். கைப்பிடி வைக்க இடமிருக்கிறதா என்று பார்த்துவரும்படி அம்மா சொல்லியிருக்கிறார்.