இறுக்கம் பற்றி

சிறுபத்திரிகையில் ஒரு கவிதையைப் பாராட்ட நினைக்கிறவன் கைக்கு முதலில் அகப்படுவது 'இறுக்கம்' என்ற சொல். புதுக்கவிதையோடு சேர்ந்து வளர்ந்த சொல் இது. யாப்பைக் கைவிட்டவர்கள், அது கொடுத்துவந்த கட்டுக்கோப்புக்கு ஈடாக வேறொன்றைக் காட்ட வேண்டியிருந்தது. காட்டியதற்கு இறுக்கம் என்று பெயர் வைத்தார்கள். ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இதன் பூர்வீகம் தெரிந்திருக்கும். அமெரிக்க விமர்சகர் ஆலன் டேட் 1938-ல் எழுதிய ஒரு கட்டுரையில், 'எக்ஸ்டென்ஷன்', 'இன்டென்ஷன்' என்ற இரண்டு தர்க்கவியல் சொற்களின் முன்னொட்டுகளை வெட்டிவிட்டு, மிஞ்சிய 'டென்ஷன்' என்பதைக் கவிதையின் குணமாக முன்வைத்தார். சொல் வெளியே சுட்டுவதும் உள்ளே குறிப்பதும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, அந்த இழுவையில் கவிதை நிற்கிறது என்பது அவர் கட்சி. தமிழுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டில் ஒரு திசை வழியில் எங்கோ விழுந்துவிட்டது. நமக்கு இறுக்கம் என்றால் முறுக்கிக் கட்டியது, ஒரு சொல்லைக்கூட உருவ முடியாதது, அவ்வளவுதான். கூடவே உடம்பிலிருந்தும் சில சொற்களை எடுத்துக்கொண்டோம்: சதைப்பற்றில்லாத மொழி, முறுக்கேறிய வரி, நரம்பு புடைத்த நடை. தசை எப்படி நடந்துகொள்கிறது என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

நான் ஒரு வருஷமாக விசாரித்து வருகிறேன். காரணம் இலக்கியம் அல்ல.

லத்தீன்காரன் தோலுக்கடியில் தசை ஓடுவதைப் பார்த்துச் சுண்டெலி என்றான். ஆங்கில 'மஸில்' அந்த வேரிலிருந்து வந்தது. தமிழன் மீனைப் பார்த்தான்: கெண்டைக்கால். நடுவில் உப்பி இரு முனையிலும் ஒடுங்கும் உருவத்துக்கு மீன்தான் பொருத்தம். சித்த வைத்தியம் ஏழு உடற்தாதுக்களில் மூன்றாவதாக 'ஊன்' என்று வைத்தது. பாடப்புத்தகம் எலும்போடு ஒட்டிய தசையை வரித்தசை என்கிறது. நுண்ணோக்கியில் குறுக்கே கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாகத் தெரிவதால் அந்தப் பெயர். கவிதைக்கும் வரி, தசைக்கும் வரி. இந்தத் தற்செயலில் மயங்கிவிடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கோயமுத்தூரில் தசை என்றதும் நினைவுக்கு வருகிறவர் சாண்டோ சின்னப்பா தேவர். கோவை ராமநாதபுரத்தில் 1915-ல் பிறந்தவர். பங்கஜா மில்லில் தொழிலாளியாக இருந்தார், தேகப்பயிற்சிச் சாலை நடத்தினார், 1956-ல் 'தாய்க்குப்பின் தாரம்' எடுத்துத் தேவர் பிலிம்ஸைத் தொடங்கினார், 1978-ல் மறைந்தார். அவர் பெயருக்கு முன்னால் நிற்கிற சாண்டோ, 1867-ல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க்கில் பிறந்த யூஜென் சாண்டோ. பாரம் தூக்குவதை விட்டுத் தசையைக் காட்டுவதையே ஒரு மேடைக் காட்சியாக ஆக்கியவர் அவர். அவரைப் பார்த்தறியாத ஊர்களில்கூட அவர் பெயர் பட்டமாகிவிட்டது. ஸ்டூடியோவில் முழங்கையை மடக்கி, புஜத்தைப் புடைக்கவைத்து எடுத்துக்கொண்ட பழைய படங்கள் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் தொங்குகின்றன. அந்த நிலையில் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் வேடிக்கை. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் கையை மடக்க ஒன்று, நீட்ட ஒன்று என்று ஜோடியாக இருக்கின்றன. படத்துக்கு நிற்பவன் இரண்டையும் ஒரே நேரத்தில் இழுக்கவிடுகிறான். ஒன்றை ஒன்று தோற்கடிக்காததால் கை அசைவதில்லை, புடைப்பு மட்டும் தெரிகிறது. எந்தப் பாரமும் இல்லாமல் தனக்குத்தானே எதிரியாக நிற்கிற தசை. நம் 'இறுக்கமான' கவிதைகள் சிலவற்றை வாசிக்கும்போது இந்த ஸ்டூடியோப் படங்கள் எனக்கு ஞாபகம் வருவதுண்டு.

உழைக்கிற தசை பெரும்பாலும் வேலை நடக்கும் இடத்தில் இருப்பதில்லை. இந்தப் பத்திரிகையைப் பிடித்திருக்கும் உங்கள் விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை எதுவும் இல்லை. உள்ளங்கையிலும் முழங்கைக்குக் கீழேயும் இருக்கிற தசைகள் நீண்ட நாண்களால் விரல்களை இழுக்கின்றன. மறுகையை முன்கையின் மேல் வைத்துக்கொண்டு விரல்களை ஆட்டிப் பார்த்தால் தெரியும். கவுன்டரில் நோட்டு எண்ணும்போது நோகிற இடமும் அதுதான். அந்த நாண் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. அதன் மூலக்கூறு மூன்று புரியாக முறுக்கிய வடம் என்று கண்டு சொன்னவர்கள் சென்னையில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்களுடைய முதல் கட்டுரை 'நேச்சர்' பத்திரிகையில் 1954 ஆகஸ்டில் வந்தது. நாணைப் பற்றிய செய்தி கிண்டியிலிருந்து போவதற்கு மூன்று மாதம் முன்னால், அதே பத்திரிகையின் மே 22 இதழில், தசையைப் பற்றிய இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்திருந்தன.

ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் எழுதியது, கேம்பிரிட்ஜிலிருந்து. மற்றது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து. இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு கிடையாது. ஆண்ட்ரூ, நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. வீட்டில் இருந்த ஒரு ஹக்ஸ்லியை மட்டும் படித்து பி.ஏ. முடித்தவன் என்ற முறையில் இதைக் குறிப்பிடுகிறேன்.

அவர்கள் சொன்னது இது. ஒரு தசைநார் என்பது ஒரே செல். தலைமயிரைப் போன்ற தடிமன், சில சமயம் பல சென்டிமீட்டர் நீளம். அதற்குள் நெடுக்கே இழைக் கட்டுகள். ஒவ்வொரு கட்டும் சின்னச் சின்ன அறைகளாகத் தொடுக்கப்பட்டிருக்கிறது. ஓர் அறையின் நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகம். ஒரு சென்டிமீட்டரில் 4,000-க்கு மேல் அறைகள். அறையின் நடுவில் தடித்த இழைகள், மயோசின். இரு சுவரிலிருந்தும் உள்நோக்கி நீளும் மெல்லிய இழைகள், ஆக்டின். ஓரங்களில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். தசை சுருங்கும்போது இழை எதுவும் சுருங்குவதில்லை. கறுத்த வரியின் அகலம் மாறாமலே இருக்கிறது, வெளுத்த வரி மட்டும் குறுகுகிறது. ஆகவே இழைகள் ஒன்றின் இடுக்கில் ஒன்று வழுக்கிப் போகின்றன. அதுவரை பலர் நினைத்திருந்தது போல மூலக்கூறு சுருண்டு மடங்குவதல்ல விஷயம்.

இதை முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அப்பா ரிங் ஃபிரேமில் சைடராக 27 வருஷம் இருந்தவர். பஞ்சு எப்படி நூலாகிறது என்பதைச் சிறுவயதிலேயே எனக்குச் சொல்லியிருக்கிறார். பின்னால் இருக்கிற ரோலர் மெதுவாகச் சுற்றும், முன்னால் இருப்பது வேகமாகச் சுற்றும். இடையில் பஞ்சிழைகள் நீள்வதில்லை. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி விலகுகின்றன, திரி மெலிகிறது. ஓர் அங்குலம், ஒன்றரை அங்குல இழைகள்தான். மைல் கணக்கான நூல் நிற்பது அவை ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கிற இடங்களின் பலத்தில். நல்ல உவமை, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. நூல் முறுக்கேறிவிட்டால் அதற்குப் பிறகு வழுக்கக்கூடாது. வழுக்கினால் அறுந்தது, அப்பா ஓடிப்போய் ஒட்டவேண்டும். தசையோ வழுக்கிப் போய்த் திரும்பி வரவேண்டும், வாழ்நாள் முழுக்க.

எப்படித் திரும்புகிறது என்பது பின்னால் தெளிந்த கதை. ஒரு தடித்த இழையிலிருந்து நூற்றுக்கணக்கான தலைகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. நரம்பிலிருந்து சமிக்ஞை வந்ததும் தசைக்குள் பைகளில் அடைத்திருந்த கால்ஷியம் வெளியே பாய்கிறது. மெல்லிய இழையின்மேல் படுத்துக் கதவடைத்திருந்த ஒரு புரதத்தை அது நகர்த்துகிறது. 1960-களில் ஜப்பானில் எபாஷி என்பவர் இதைப் பிரித்துக் காட்டினார். கதவு திறந்ததும் தலைகள் பற்றுகின்றன, மடங்கி இழுக்கின்றன. ஒரு இழுப்பில் நகரும் தூரம் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குதான். இனிமேல் இழுக்க வேண்டுமானால் பிடியை விட்டுவிட்டு அடுத்த இடத்தைப் பிடிக்கவேண்டும், கிணற்றில் கைமாற்றிக் கைமாற்றி வாளி இழுப்பது போல. பற்றிய தலை தானாக விடாது. ஏ.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தச் சக்திப் பொருளின் ஒரு மூலக்கூறு புதிதாக வந்து ஒட்டினால்தான் விடுகிறது. அதை உடைத்த சக்தியில் தலை நிமிர்ந்து, அடுத்த பிடிக்குத் தயாராகிறது. வேலை முடிந்த பிறகு கால்ஷியத்தைப் பைக்குள் திருப்பி இறைக்கவும் ஏ.டி.பி.தான் வேண்டும். சக்தி இழுப்பதற்குச் செலவாகிறது என்றுதான் பொதுவாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் விடுவதும் அதே கஜானாவில் கைவைக்கிறது.

ஆகவே 'இறுக்கம்' என்பதைத் தசையிடமிருந்து கடன் வாங்கியவர்கள் பாதியைத்தான் வாங்கியிருக்கிறார்கள். சூலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் பத்து வருஷமாகக் கவிதை எழுதினார். ஒவ்வொரு நகலிலும் சொற்களை உதிர்த்துக்கொண்டே வந்தார். நாங்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, இன்னும் இறுக்கலாம் என்போம் என்று அவருக்குத் தெரியும். கடைசியாகக் காட்டியதில் ஆறு சொற்கள் இருந்தன. அதற்குப் பிறகு எழுதவில்லை. அவருக்குச் சொல்ல விஷயம் தீர்ந்துவிட்டது என்று ஒரு கட்சி. நான் அதை ஒப்பவில்லை. பிடித்ததை விடுவதற்கு அவரிடம் எதுவும் மிச்சம் வைக்கப்படவில்லை.

இதைத் தளர்வுக்கு வக்காலத்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வார இதழ்களில் வழிகிற கவிதைக்கு என்னிடம் ஆதரவு இல்லை. ஓய்ந்திருக்கும் தசையில் தலைகள் தொங்கிக் கிடப்பதில்லை. பெரும்பாலானவை முன்கூட்டியே ஏ.டி.பி.யை உடைத்து வைத்துக்கொண்டு சமிக்ஞைக்குக் காத்திருக்கின்றன. நகுலனின் வரிகள் சாவகாசமாக, பேச்சின் போக்கில் போவதாகத் தோன்றும். திடீரென்று ஓரிடத்தில் பிடிக்கும், பிடித்த உடனே விட்டுவிடும். அந்தச் சாவகாசம் சும்மா இருப்பதல்ல. நம்மிடம் அதற்கு ஒரு விமர்சனச் சொல் இல்லை.

பள்ளியில் பௌதிக வாத்தியார் சொன்னது ஒன்று நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறவன் செய்யும் வேலை பூஜ்யம். விசை உண்டு, நகர்வு இல்லை, பெருக்கினால் பூஜ்யம். மேஜையும் மூட்டையைத் தாங்குகிறது, அதற்குச் சோறு போடவேண்டியதில்லை. ஆனால் நிற்கிற மனிதனின் தசையில் தலைகள் சும்மா பிடித்துக்கொண்டிருப்பதில்லை. பற்றுவதும் விடுவதும் மறுபடி பற்றுவதுமாக இருக்கின்றன, வெளியே ஓர் அங்குலம்கூட நகராமல். அவ்வளவும் உஷ்ணமாகப் போகிறது. தவளைத் தசையில் இந்த உஷ்ணத்தை அளந்த ஏ.வி. ஹில்லுக்கு 1922-ஆம் வருஷத்து நோபல் பரிசு கிடைத்தது. முழு நைட் முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து, "நின்னதுதான் கண்ணு வேலை" என்று கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொள்ளும் அப்பாவுக்கு ஹில்லைத் தெரியாது.

அப்பா போன வருஷம் ஆனியில் விடிகாலை நாலு மணிக்கு இறந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அத்தை அழவில்லை, பழைய வேட்டியைக் கிழித்து என் கையில் கொடுத்தார். "வெரசாக் கட்டு சாமி, வெறச்சுப் போச்சுன்னா அப்பறம் ஆராலயும் முடியாது." தாடையோடு சேர்த்துத் தலையில் ஒரு கட்டு, கால் கட்டைவிரல் இரண்டுக்கும் ஒரு கட்டு. அத்தைக்கு இந்த அவசரத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது, ஆனால் கணக்குச் சரி. மூச்சு நின்ற பிறகும் சிறிது நேரம் தசையில் ஏ.டி.பி. மிச்சமிருக்கும், உடம்பு துவண்டிருக்கும். அது தீரத் தீர, பைகளிலிருந்து கால்ஷியம் கசிய, தலைகள் பற்றிக்கொள்ளும். விடுவிக்க எதுவும் வராது. நம் ஊர் வெப்பத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது, முகத்திலும் தாடையிலும்தான் முதலில் தெரியும். சின்னம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்து மத்தியானம் கையைத் தொட்டபோது, அது பாதி மடங்கினபடி, பாபினைப் பிடிக்கப் போவது போல நின்றுவிட்டிருந்தது. வாய்க்கரிசி உதட்டுக்கு உள்ளே போகவில்லை. நாலு மணிக்கு எடுத்தோம். எங்கள் பக்கம் புதைப்பதுதான்.

அந்த விறைப்பும் நிரந்தரமல்ல என்று பிறகு படித்தேன். ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாளுக்குள் போய்விடும். பிடி விட்டதால் அல்ல, இழைகளே சிதையத் தொடங்குவதால். மறுநாள் பத்து மணி சுமாருக்கு நாங்கள் பால் தெளித்துவிட்டு, மண்மேட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஒற்றையடிப் பாதையில் வரிசையாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் அப்பாவின் கை தளர்ந்திருக்கும்.